தெரிந்த சொல்லுக்குப் பொருள் எழுதியவர்கள்

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட ‘ஓடு’ என்று சொல்லிவிடும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக அந்த ஒரு வினைச்சொல்லின் பதிவைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற தேர்ந்த அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் பிடித்தது. 2011 வாக்கில் அந்த வேலை முடிந்தபோது ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருட்பிரிவுகள் இருந்தன. ஆறு பாய்வதற்கும் இயந்திரம் இயங்குவதற்கும் அதே சொல். கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் போவது, சளியில் மூக்கு ஒழுகுவது, செய்தித்தாள் ஒரு கட்டுரையை வெளியிடுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல்லுக்கு இத்தனை உழைப்பைக் கொடுக்கும் இதே தொழில், தொடக்கத்தில் தெரிந்த சொற்களை அறவே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு வர அதற்கு நானூறு ஆண்டுகள் ஆயின. அந்த நானூறு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு மொழியில் மிகக் கடினமான சொற்கள் அதில் அன்றாடம் புழங்கும் சொற்களே. அவற்றின் பொருள் அறிஞரின் மனத்தில் கிடைப்பதில்லை, மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் இடங்களில்தான் கிடைக்கிறது. ஆங்கில அகராதிக் கலை இதை உணர்ந்த ஒவ்வொரு முறையும் ஓர் அடி முன்னேறியது.

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி என்று கருதப்படுவது, ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் 1604-இல் வெளியிட்ட சிறு நூல். அதில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருந்தன. அவை எல்லாமே கடினச் சொற்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் அச்சுத் தொழிலும் பழைய இலக்கியங்களின் மறுமலர்ச்சியும் லத்தீன், கிரேக்க, பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலத்தில் ஏராளமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. லத்தீன் படிக்க வாய்ப்பில்லாத பெண்களும் பிறரும் பிரசங்கங்களிலும் நூல்களிலும் அந்தச் சொற்களைக் கண்டு திணறினார்கள். அவர்களுக்கு உதவுவதே தன் நோக்கம் என்று காட்ரி முகப்பிலேயே சொன்னார். 1616-இல் ஜான் புல்லோக்கரும், 1623-இல் ஹென்றி காக்கரமும், 1656-இல் தாமஸ் பிளவுண்ட்டும் இதே வழியில் சென்றார்கள். காக்கரமின் அகராதியில் ஒரு தனிப்பகுதி உண்டு. பொதுமக்கள் பேசும் சாதாரணச் சொல்லைக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பயன்படுத்தத்தக்க உயர்ந்த சொல்லை எதிரில் காட்டியது அது. அன்றாடச் சொல்லுக்கு அங்கே இடம் கிடைத்தது, அதைக் கைவிடுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பதற்காகத்தான். நூறு ஆண்டுக் காலம் அகராதி என்றால் படித்தவர் மொழிக்கான நுழைவுச்சீட்டு என்றே பொருள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நிலை மாறியது. 1702-இல் ஜே. கே. என்ற முதலெழுத்துகளோடு ஒரு புதிய அகராதி வெளிவந்தது. ஜான் கெர்சி தொகுத்தது என்று கருதப்படும் அந்த நூல், கடினச் சொற்களை விட்டு வழக்கில் உள்ள பொதுச் சொற்களை முதன்மையாக எடுத்துக்கொண்டது. கடிதம் எழுதும் வணிகரும் படிப்பு குறைந்த இளைஞரும் பெண்களும் பிழையில்லாமல் எழுத உதவுவது அதன் பயன். 1721-இல் நேதன் பெய்லி ஏறத்தாழ 40,000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டார். அது அந்த நூற்றாண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் அச்சானது. ஆனால் இந்த அகராதிகள் எளிய சொற்களைச் சேர்த்துக்கொண்டாலும் அவற்றை ஆராயவில்லை. நாய், குதிரை போன்ற சொற்கள் வரும்போது, எல்லாரும் அறிந்த விலங்கு என்ற அளவில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது அக்கால வழக்கம். எழுத்துக்கூட்டலும் சொற்பிறப்பும் தெரிந்தால் போதும், பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணம் அதில் இருந்தது. அறிந்திருப்பதும் அறிந்ததை எடுத்துச் சொல்ல முடிவதும் ஒன்றல்ல. இதை உணர ஆங்கிலேயர் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

உணர்த்தியவர் சாமுவேல் ஜான்சன். 1746-இல் லண்டன் புத்தக வணிகர்கள் சிலர் சேர்ந்து அவருக்கு 1,500 கினி கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தார்கள். அவர்கள் விரும்பியது மொழியை நிலைநிறுத்தும் ஓர் அகராதி. இத்தாலிய அறிஞர் கழகம் 1612-இலும் பிரெஞ்சு அறிஞர் கழகம் 1694-இலும் தத்தம் மொழிகளுக்கு அகராதி கொண்டுவந்திருந்தன. ஆங்கிலத்தைத் திருத்தி உறுதிப்படுத்த வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் வெளிப்படையாகவே கோரியிருந்தார். ஜான்சன் லண்டனில் கஃப் சதுக்கத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஆறு உதவியாளர்களோடு வேலையில் இறங்கினார். நூல்களைப் படித்துக்கொண்டே போவார், வேண்டிய சொல்லுக்கு அடியில் கோடிடுவார், அந்தச் சொல் வரும் வாக்கியத்தை உதவியாளர் படியெடுப்பார். 1755 ஏப்ரல் மாதம் 42,773 பதிவுகளோடும் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களோடும் அகராதி வெளிவந்தது. அந்த மேற்கோள்களை வகைப்படுத்தும்போதுதான் எது கடினம் என்பது அவருக்கு விளங்கியது. லத்தீனிலிருந்து வந்த அரிய சொல்லுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. ‘டேக்’ என்ற சொல்லுக்கோ 134 பொருட்பிரிவுகள் தேவைப்பட்டன. கம், கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக் போன்ற சின்ன வினைகளே தன்னை மிகவும் வருத்தியவை என்று அவர் முன்னுரையில் பட்டியலிட்டார். அவற்றின் பயன்பாடு அவ்வளவு தளர்வானது, அவை எடுக்கும் திருப்பங்கள் அவ்வளவு நுட்பமானவை.

எளிய சொல்லை விளக்க அதைவிட எளிய சொல் கிடைக்காது என்பதையும் ஜான்சன் கண்டுகொண்டார். வலைப்பின்னலைக் குறிக்கும் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கம், சொல்லைவிடப் பல மடங்கு கடினமான லத்தீன் சொற்களால் ஆனது. அதைக் காட்டி அவரைக் குறை கூறியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது அவருடைய தனிப்பட்ட குறை என்பதைவிட, ஆங்கிலத்தில் அதுவரை பெரிய அளவில் யாரும் செய்து பார்க்காத வேலையின் இயல்பு என்பதே நியாயம். அவருடைய உண்மையான பெருமை வேறொன்றில் இருக்கிறது. மொழியை நிலைநிறுத்த வந்தவர், சேர்ந்த சான்றுகளைப் பார்த்து அந்த நோக்கத்தையே கைவிட்டார். மக்கள் பேசும் மொழியை எந்த அகராதியாலும் மாறாமல் காக்க முடியாது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவரும் பாதி தூரம்தான் வந்தார். உழைப்பாளரும் வணிகரும் பேசும் சொற்கள் நிலையில்லாதவை, தற்காலிகத் தேவைக்கு உண்டானவை, அதனால் மொழியின் நிலையான பகுதியாக அவற்றைக் கொள்ள வேண்டியதில்லை என்று அவர் கருதினார். சான்று வேண்டும் என்பதை ஏற்றவர், யாருடைய சான்று என்ற கேள்வியில் நல்ல எழுத்தாளர்களோடு நின்றுகொண்டார்.

அந்தக் கேள்விக்கு 1857-இல் வேறு விடை கிடைத்தது. லண்டனில் இருந்த மொழியியல் கழகத்தில் ரிச்சர்ட் செனவிக்ஸ் ட்ரெஞ்ச் என்ற பாதிரியார் இரண்டு உரைகள் நிகழ்த்தினார். அகராதி ஆசிரியர் மொழியின் வரலாற்றை எழுதுபவர், அதன் நீதிபதி அல்லர் என்பது அவற்றின் சாரம். நல்ல சொல், கெட்ட சொல் என்று பிரிக்கும் உரிமை அவருக்கு இல்லை, எல்லாச் சொற்களையும் அவை பிறந்த காலத்திலிருந்து பதிவு செய்வதே அவர் கடமை. இந்த உரைகளிலிருந்து பிறந்த திட்டமே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஆனது. முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் இளம் வயதிலேயே இறந்தார். அவருக்குப் பின் ஃபிரெடரிக் ஃபர்னிவல் பொறுப்பேற்றார். 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் ஜேம்ஸ் மர்ரி என்ற பள்ளி ஆசிரியரோடு ஒப்பந்தம் செய்தது. மர்ரி உடனே ஒரு வேண்டுகோளை அச்சிட்டுப் பிரிட்டன், அமெரிக்கா, காலனிகள் எங்கும் பரப்பினார். நூல்களைப் படியுங்கள், சொற்களைத் துண்டுச்சீட்டில் மேற்கோளோடு எழுதி அனுப்புங்கள் என்பதே அதன் கோரிக்கை. பேராசிரியர்களும் பாதிரியார்களும் வீட்டுப் பெண்களும் அதற்குச் செவிசாய்த்தார்கள். மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் செஸ்டர் மைனரும் ஆயிரக்கணக்கான சீட்டுகளை அனுப்பினார். ஒரு மொழிக்கான அகராதியை அதைப் படிப்பவர்களே சேர்ந்து தொகுக்கும் முயற்சி அந்த அளவில் அதற்கு முன் நடந்ததில்லை.

வந்து குவிந்த சீட்டுகளைப் பிரித்தபோது மர்ரிக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற அரிய சொல்லுக்கு ஏறத்தாழ 50 மேற்கோள்கள் வந்திருந்தன. எல்லாரும் அன்றாடம் சொல்லும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட வரவில்லை. படித்தவர்களின் கண் விசித்திரமான சொல்லில் மட்டுமே நின்றிருந்தது. பழகிய சொல் வரும் வரியை அவர்கள் பார்க்காமலேயே கடந்திருந்தார்கள். இதனால் பொதுச் சொற்களுக்கான மேற்கோள்களைத் தேடி மர்ரியும் உதவியாளர்களும் பல மணி நேரம் தாங்களே நூல்களைப் புரட்ட வேண்டியிருந்தது. சாதாரணச் சொற்களையும் எழுதுங்கள் என்று படிப்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளவும் நேர்ந்தது. இந்தச் சிறு நிகழ்ச்சியை அகராதிக் கலையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் கொள்ளலாம். ஒரு சொல் எவ்வளவுக்கு எவ்வளவு பழகியதோ, அவ்வளவுக்கு அது பேசுபவரின் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. தாய்மொழியாகப் பேசுபவர்தான் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார், ஆனால் அவருக்குத்தான் அது கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே, தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்ற கேள்விக்கு மர்ரியின் சீட்டுப் பெட்டியே பதில் சொல்லிவிடுகிறது. நாம் பயன்படுத்துவது எல்லாம் நாம் கவனித்தது ஆகாது.

பத்து ஆண்டுகளில் நான்கு தொகுதிகள் என்று தொடங்கிய வேலை 1928-இல்தான் நிறைவடைந்தது. மர்ரி அதைக் காணாமல் 1915-இலேயே மறைந்தார். ஹென்றி பிராட்லி, வில்லியம் கிரேகி, சி. டி. அனியன்ஸ் ஆகியோர் அவரோடும் அவருக்குப் பின்னும் ஆசிரியர்களாக உழைத்தார்கள். நிறைவடைந்த அகராதியில் 4,14,825 சொற்களும் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்து வினைக்கானது. அதற்கு ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. சொற்களைக் கால வரிசையில் அடுக்கியதால் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. இன்று இனிமையானது என்று பொருள்படும் ‘நைஸ்’ ஒரு காலத்தில் முட்டாள்தனமானது என்று பொருள்பட்டது, பிறகு நுட்பமானது என்று ஆனது. அசட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’ பேறு பெற்றவரைக் குறித்த சொல். ‘மீட்’ எந்த உணவையும், ‘டியர்’ எந்த விலங்கையும், ‘கேர்ள்’ ஆண் பெண் வேறுபாடின்றி எந்தக் குழந்தையையும் குறித்திருக்கின்றன. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று எதைக் குறிக்கிறது என்பதை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. பழைய பொருள்தான் சரியான பொருள் என்று வாதிடுபவர், எந்த நூற்றாண்டின் பழமை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைத் தேர்ந்துகொள்ள வழக்கைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

இவ்வளவு உழைப்பும் அறிஞர்களின் ஆர்வத்துக்குத் தீனியே தவிர வேறு பயன் இல்லை, ‘செட்’ என்ற சொல்லுக்கு யார் அகராதியைப் புரட்டப்போகிறார்கள் என்று கேட்கலாம். நீதிமன்றங்கள் புரட்டியிருக்கின்றன. 1883-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு வரி விதித்தது, பழங்களுக்கு விலக்களித்தது. தக்காளி காயா பழமா என்ற வழக்கு 1893-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கறிஞர்கள் அகராதிகளை எடுத்து வந்து படித்துக் காட்டினார்கள். தாவரவியலின்படி தக்காளி பழமே என்றாலும், மக்கள் பேச்சிலும் சந்தையிலும் சமையலிலும் அது காய்கறிதான், எனவே வரி உண்டு என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 1998-இல் அதே நீதிமன்றத்துக்கு ‘கேரி’ என்ற சொல் வந்தது. போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியைக் ‘கேரி’ செய்தால் கட்டாயம் ஐந்தாண்டுக் கூடுதல் சிறை என்றது சட்டம். துப்பாக்கி உடலில் இல்லாமல் வண்டிக்குள் பூட்டிய பெட்டியில் இருந்தால் அது ‘கேரி’ ஆகுமா என்பது கேள்வி. நீதிபதி ஸ்டீஃபன் பிரையர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பார்த்தார், பைபிளிலும் நாவல்களிலும் செய்தித்தாள்களிலும் அந்தச் சொல் வரும் இடங்களைத் தேடினார். ஆகும் என்று ஐந்து நீதிபதிகளும் ஆகாது என்று நான்கு நீதிபதிகளும் முடிவெடுத்தார்கள். குழந்தைக்குத் தெரிந்த ஒரு சொல்லின் எல்லையில் ஒருவருடைய ஐந்தாண்டு வாழ்க்கை நின்றது. கடினமான கலைச்சொல்லுக்குத் துறை வல்லுநரை அழைத்துக் கேட்டுவிடலாம். பொதுச் சொல்லின் பொருளில் ஐயம் வந்தால், பலர் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்ற பதிவு மட்டுமே கைகொடுக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 645 பொருள்கள் என்பது மொழியில் உள்ளதா, அல்லது அகராதிக்காரர் வகுத்ததா என்பதே அது. ஆறு ‘ரன்’ ஆவதும் சாயம் ‘ரன்’ ஆவதும் உண்மையில் ஒரே நகர்ச்சியின் இரு தோற்றங்கள் என்று ஒருவர் சொல்லலாம், அவற்றை ஒரே பிரிவில் அடக்கவும் செய்யலாம். ஜான்சன் 134 என்று எண்ணியதை இன்னோர் ஆசிரியர் 60 என்று சுருக்கினாலும் அதைத் தவறு என்று நிறுவ வழியில்லை. இந்த மறுப்பில் பெரும் உண்மை இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொருட்பிரிவுகளின் எண் ஆசிரியரின் முடிவுதான். ஆனால் எண் தவறாக இருக்கலாம் என்பதால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு பிறமொழிக்காரர் ‘ஓடு’ என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு தேர்தல் செய்தியைப் படித்தால் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் உண்மையானது, ஆசிரியர் கற்பித்தது அல்ல. சரியான முடிவு இதுதான்: சொல்லுக்குள் பொருள் அடங்கியிருக்கிறது என்று நினைப்பதை விட்டுவிட்டு, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த முடிவை நோக்கி அகராதிக் கலையை நகர்த்தியவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களும்தான்.

1920-களில் வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், மாணவர்கள் ஆங்கிலம் கற்கத் திணறுவதன் காரணத்தை ஆராய்ந்தார். பாடநூல்களில் அரிய சொற்கள் மிகுந்து, அடிக்கடி வரும் சொற்கள் மனத்தில் பதியும் முன்பே பாடம் அடுத்ததற்குப் போய்விடுவதை அவர் கவனித்தார். 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களை மட்டுமே பயன்படுத்தி விளக்கியது. எளிய சொல்லை எளிமையாக விளக்க முடியாது என்று ஜான்சன் வருந்திய இடத்தில் இது ஒரு துணிந்த பதில். அதே காலத்தில் இங்கிலாந்தில் சி. கே. ஆக்டன் வேறு வழியைக் காட்டினார். 850 சொற்களைக் கற்றால் ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிடலாம் என்பது 1930-இல் அவர் முன்வைத்த அடிப்படை ஆங்கிலம். வினைச்சொற்களைப் பதினெட்டாகக் குறைத்ததை அவர் பெரிய வெற்றியாகக் கருதினார். ஆனால் ‘கிவ்’ என்ற வினையோடு ‘அப்’ சேர்ந்தால் கைவிடு என்றும், ‘இன்’ சேர்ந்தால் பணிந்துபோ என்றும் பொருள் மாறுவதைக் கற்பவர் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும். சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது ஒவ்வொரு சொல்லின் மேலும் பொருள்களின் சுமை கூடியது. ஆக்டனை எதிர்த்தவர்களில் வெஸ்ட்டும் ஒருவர். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல், ஏறத்தாழ 2,000 சொற்களைத் தந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதையும் காட்டியது.

டோக்கியோவில் ஹெரால்ட் பாமரும் அவரைத் தொடர்ந்து ஏ. எஸ். ஹார்ன்பியும் ஜப்பானிய மாணவர்களுக்காக உழைத்தார்கள். ஒரு வினைக்குப் பின்னால் எந்த வடிவம் வரும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பன ஆங்கிலேயர் தமக்குள் ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத கேள்விகள். மாணவர்கள் அவற்றைக் கேட்டார்கள். ஹார்ன்பி ஆங்கில வினைகளை 25 அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் எது பொருந்தும் என்று குறித்தார். இந்தக் குறிப்புகளோடு அமைந்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. பல தலைமுறைத் தமிழ் மாணவர்களின் மேசையில் இருந்து வரும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் தொடக்கம் அதுவே. பொதுச் சொற்களின் இலக்கணத்தை ஆங்கிலேயருக்கே வெளிச்சமாக்கியதில் டோக்கியோ வகுப்பறைக்கும் டாக்கா வகுப்பறைக்கும் உள்ள பங்கு, இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத ஒன்று.

கணினி வந்தபின் இந்த வழி உறுதிப்பட்டது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் நூல், செய்தித்தாள், உரையாடல் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு கோடி சொற்கள் கொண்ட சொல்வங்கி ஒன்று திரட்டப்பட்டது. அதன் அடிப்படையில் 1987-இல் கோபில்ட் அகராதி வெளிவந்தது. ‘பேக்’ என்றதும் ஆங்கிலேயர் மனத்தில் முதலில் தோன்றுவது முதுகு. பழைய அகராதிகளும் அதையே முதலில் வைத்தன. சொல்வங்கியிலோ ‘திரும்ப’ என்ற வினையடைப் பொருள்தான் மிகுதியாக இருந்தது. ‘டேக்’ என்றால் கையால் எடுப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ‘டேக் எ லுக்’, ‘டேக் எ வாக்’ போன்ற தொடர்களில் அது தனக்கென்று பொருள் இல்லாமல், பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லுக்கு வினைத்தன்மை தருவதற்காகவே வருகிறது. ‘செட் இன்’ என்ற தொடரைப் பற்றிச் சின்க்ளேர் கண்டது இன்னும் நுட்பமானது. தொடங்கி நிலைகொள்ளுதல் என்பது அதன் பொருள், ஆனால் அதற்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் அழுகல், சீர்கேடு, நம்பிக்கையிழப்பு போன்ற விரும்பத்தகாதவையே. அந்தத் தொடரை வாழ்நாள் முழுவதும் சரியாகப் பயன்படுத்திய ஆங்கிலேயருக்கும் தாங்கள் அப்படி ஒரு விதியைப் பின்பற்றுவது தெரிந்திருக்கவில்லை. தாய்மொழி உணர்வு ஒருவரைச் சரியாகப் பேச வைக்கிறது, எப்படிப் பேசுகிறோம் என்பதை அது அவருக்குச் சொல்வதில்லை. மர்ரியின் சீட்டுகள் உணர்த்திய உண்மையை இந்த ஆய்வு எண்களோடு நிறுவியது.

வழக்கையே சான்றாகக் கொண்டால் தரம் கெடும், பிழையும் அகராதியில் ஏறி முறையாகிவிடும் என்ற அச்சம் இந்த வரலாறு முழுவதும் ஒலித்து வருகிறது. அது மிக உரத்து ஒலித்தது 1961-இல். பிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டர் மூன்றாம் பன்னாட்டு அகராதி, படித்தவர்கள் கண்டித்துவந்த ‘எய்ன்ட்’ போன்ற சொற்களைத் தடையின்றிப் பதிவு செய்தது. பேச்சு வழக்கு என்று பிரித்துக்காட்டும் பழைய குறிப்பையும் கைவிட்டது. அமெரிக்கச் செய்தித்தாள்களும் இதழ்களும் கொதித்தெழுந்தன. அதற்கு மாற்றாக 1969-இல் வந்த அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி, எது நல்ல வழக்கு என்று கருத்துச் சொல்ல எழுத்தாளர்கள் அடங்கிய ஒரு குழுவை அமைத்தது. இந்த அச்சத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞருக்கு எந்தச் சொல் எங்கே மதிப்பைக் குறைக்கும் என்பது தெரிய வேண்டும். ஆனால் அந்த அறிவுரையும் வழக்கிலிருந்தே கிடைக்கிறது. ஒரு சொல்லை யார், எங்கே, எந்த மனநிலையில் சொல்கிறார்கள், கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் சான்றுகளே. அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டால் அகராதி குறைபட்டதாகும். வழக்கைப் பதிவு செய்யாமல் தீர்ப்பு மட்டும் சொன்னால் அது ஆதாரமற்றதாகும். இதில் கவனிக்க வேண்டியது, ஹெரிட்டேஜ் அகராதியும் தன் பதிவுகளுக்காகப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் பத்து லட்சம் சொற்கள் கொண்ட சொல்வங்கியை நாடியது என்பதே. தரத்தைக் காக்க வந்தவர்களும் மக்கள் எழுதிய வாக்கியங்களிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழ் அகராதிகளும் இதே தொலைவைத் தம் வழியில் கடந்திருக்கின்றன. திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் செய்யுளுக்கு உதவும் சொற்களைத் தொகுத்தன. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் சொற்களை அகரவரிசையில் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இலக்கியச் சான்றுகளோடு பெருந்தொகுப்பாக அமைந்தது. இன்றைய வழக்கிலிருந்து சொல்வங்கி திரட்டி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் எழுதும் முறையைக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் கையாண்டது. ஆங்கிலத்தின் நானூறு ஆண்டு அனுபவம் நமக்குக் கற்றுத்தருவது இந்தக் கடைசி வழியின் அருமையைத்தான். ஓர் அகராதியில் எத்தனை லட்சம் சொற்கள் என்று கேட்பது நம் வழக்கமாக இருக்கிறது. அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. சட்டை போடுவதும், கடிதம் போடுவதும், சண்டை போடுவதும், உடைத்துப் போடுவதும் எப்படி ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன என்பதை அறிய ‘போடு’ என்ற பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும். ‘வந்துவிட்டான்’ என்பதில் உள்ள ‘விடு’ என்ன செய்கிறது என்பதை எத்தனை வரிகளில், எத்தனை சான்றுகளோடு அது விளக்குகிறது என்று பார்க்க வேண்டும். அரிய சொற்களைச் சேர்க்கப் பழைய நூல்கள் போதும். இந்தச் சொற்களுக்குப் பொருள் எழுத, வாழும் மக்கள் பேசுவதையும் எழுதுவதையும் பல்லாண்டுகள் பொறுமையாகத் திரட்ட வேண்டும், அதற்கான பணத்தையும் ஆட்களையும் பல்கலைக்கழகங்களும் அரசும் தர வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று அதைத் தள்ளிப்போடும் மொழி, தன் மிகப் பெரிய பகுதியை ஆராயாமலே விட்டுவைக்கிறது.